பிலோமினா வளர்த்த சந்தனம்

துறைமுக வாசலில் கண்டெய்னர் லாரிக்காகக் காத்திருந்தபோது புன்னைக்காயலிலிருந்து பிலோமினாவின் தம்பி அழைத்தார். "அக்கா காலையில தவறிட்டா, அண்ணாச்சி." மாரடைப்பு. முந்தின நாள் பிலோமினா நிரப்பித் தந்த சரக்குக் காகிதங்கள் அப்போதும் என் கையில் இருந்தன.

எங்கள் கிளியரிங் அலுவலகத்தில் அடுத்தடுத்த மேசை எங்களுக்கு. ஓய்வுக்குப் பின் என்ன செய்வது என்ற பேச்சு வளர்ந்து, இருவரும் சேமிப்பைப் போட்டுச் சாத்தான்குளம் பக்கம் செம்மண் நிலம் வாங்கிச் சந்தனம் நட்டோம். பிலோமினாவுடையது கடலோடிக் குடும்பம், வீட்டில் சிரித்தார்கள். "கப்பலுக்குப் போன அப்பாவுக்குக் காத்திருந்து பழகுனவ நான். மரத்துக்குக் காத்திருக்க மாட்டேனா?" என்றார். அவரை நினைத்து இங்கே கூடியிருக்கும், அலுவலகத்தில் அவரோடு பழகிய உங்களுக்கு அவரது வேகம் தெரியும். இந்தப் பொறுமையை நான் தோட்டத்தில்தான் பார்த்தேன்.

முதல் வருடம், ஊர்த் திருவிழாவுக்கு அவர் போயிருந்த வாரத்தில், ஆள் விட்டுக் களையெடுத்தேன். கன்றுகளை ஒட்டி நின்ற துவரையையும் பிடுங்கச் சொன்னேன். அடுத்த சில மாதங்களில் பாதிக்கு மேல் கன்றுகள் இலை பழுத்துக் காய்ந்தன. நோயென்று நினைத்து மருந்தடித்தேன். பிலோமினா நாற்றுப்பண்ணையில் விசாரித்துவிட்டு வந்து, செத்த கன்று ஒன்றைத் தோண்டி வேரைக் காட்டினார்.

"துவரையையும் சேத்துப் புடுங்கிட்டியளா, அண்ணாச்சி? சந்தனம் பக்கத்துச் செடி வேர்ல ஒட்டித்தான சாப்பிடும். தொணையில்லாம எப்படிப் பொழைக்கும்?"

"நிலத்த வித்துருவோம்" என்றேன்.

"எதுக்கு? தப்பு எதுன்னுதான் தெரிஞ்சு போச்சே."

அலுவலகத்தில் யார் கேட்டாலும், "எங்களுக்கு வெவரம் பத்தல" என்றுதான் சொல்வார். ஒருநாளும் என் பெயரைச் சொன்னதில்லை.

மறுபடி நட்டோம். குழிதோறும் துவரை, வரிசைகளுக்கு நடுவே சவுக்கு. ஞாயிறு பூசை முடிந்ததும் பஸ் பிடித்து வந்துவிடுவார். கோடையில் சொட்டுநீர்க் குழாயின் அடைப்புகளை ஊசியால் குத்தி எடுத்தபடி வரிசை வரிசையாக நடப்பார். இந்தத் தடவை பட்டுப்போனவை சிலதான். மரங்கள் இப்போது அவர் உயரத்தைத் தாண்டிவிட்டன. தண்டின் நடுவே மணக்கும் வயிரம் பாய இன்னும் பல வருடம் ஆகும். அந்த வாசனையை அவர் முகர்ந்து பார்த்திருக்க வேண்டும்.

இலையுதிர்ந்த கன்றை நான் பிடுங்கப் போனால் தடுத்துவிடுவார். விரல் நகத்தால் தண்டைச் சுரண்டிப் பார்த்து, "உள்ள பச்சை இருக்கு, விடுங்க" என்பார். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தப் பழக்கத்தைத்தான். அடக்கம் முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை தனியாகப் போனேன். பட்டுப்போன கன்றின் இடத்தில் புதிதாக நட்டிருந்த கன்று ஒன்று மொட்டையாக நின்றது. சுரண்டினேன். பச்சை.

"பிலோமினா, உசிரு இருக்கு" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத் திரும்பினேன்.