சங்குக்குப் பதில் சொன்ன நரிகள்

செய்தி வந்தபோது எளாவூர் சோதனைச் சாவடியில் லாரிகளுக்கு நடுவே எங்கள் கம்பெனி பஸ் நின்றிருந்தது. ஆலையில் தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் இருந்த சாமுவேல் அண்ணன் விடியற்காலையில் மாரடைப்பில் போய்விட்டார் என்று போனில் சொன்னார்கள். நான் குழம்பிப்போய், "சாயங்காலம் வருவார் இல்ல?" என்று கேட்டேன். அன்று நாங்கள் நரி எண்ணும் நாள்.

அவரோடு வேலை பார்த்த உங்களில் பலருக்கு இது விளையாட்டாகத் தெரிந்திருக்கும். நம் ஆலைக்குப் பின்னால் ஏரிக்கரைப் புதரில் நரிகள் இருக்கின்றன. ஆலையின் சாயங்காலச் சங்கு ஊதினால் பதிலுக்கு ஊளையிடும். கரையில் அவர் ஒரு முனை, நான் மறுமுனை. காதால் எண்ணி, அவரவர் நோட்டில் எழுதிய பிறகுதான் வாய் திறக்க வேண்டும். "ஒருத்தன் சொன்னா அது நெனப்பு. ரெண்டு பேர் தனித்தனியா எழுதி ஒத்துப்போனாத்தான் கணக்கு" என்பார். முதல் நாள் நான் பத்து என்று எழுதிப் பெருமையாக நின்றேன். இரண்டே நரி குரலை மாற்றி மாற்றிப் போட்டு ஊரைக் கூட்டும் என்று சிரித்தார். ஆனால் எழுதியதை அடித்துத் திருத்த விடவில்லை.

போன மாதம், அந்தப் புதரை அழித்துக் கிடங்கு கட்டப்போகிறார்கள் என்று தெரிந்து வனத்துறைக்கு மனு எழுதினோம். அதற்காக எண்ணிய அன்று, எப்போதும் தன் எண்ணை முதலில் சொல்கிற அண்ணன் என்னைச் சொல்லச் சொன்னார். ஒன்பது என்றேன். "எனக்கும் அதான்" என்றார். மழை தூற ஆரம்பித்ததால் நோட்டைக் காட்டச் சொல்லி நானும் கேட்கவில்லை. மனுவில் ஒன்பது என்றே போனது.

அடக்கம் முடிந்த மறுவாரம் அண்ணி அவருடைய நோட்டைக் கொடுத்தார். அந்தத் தேதிக்கு நேரே நான்கு என்று இருந்தது.

நரிகளுக்காகப் பொய் சொன்னாரா? அந்த மனிதரா? அண்ணியிடமே கேட்டேன்.

"ஒரு வருசமா அவருக்குக் காது சரியா கேக்கலப்பா. டிவிய அலற உட்டுக்கினு உக்காந்திருப்பாரு. உன்னாண்ட மட்டும் சொல்லாதன்னுட்டாரு."

அப்படியானால் தன் காதை விட்டுவிட்டு என் காதை நம்பினாரா? இல்லை, நரிகள் மறுபடி என்னை ஏமாற்றியது தெரிந்தும் பேசாமல் இருந்தாரா? அவர் மேல் கோபமாகக்கூட வருகிறது.

வரும் செவ்வாய்க்கிழமை வன அலுவலர் பார்வையிட வருகிறார். இரண்டு நோட்டையும் அவர் முன் வைக்கப்போகிறேன். புதர் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. அண்ணன் எழுதியதை மறைக்கவும் மனம் வரவில்லை.

நேற்று தனியாகப் போனேன். சங்கு ஊதியது. ஊளை கேட்டது. வாய் திறக்காமல் எழுதினேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் பழக்கம்தான். எழுதி முடித்ததும், அவர் முதலில் சொல்லட்டும் என்று மறுமுனையைப் பார்த்தபடி நின்றேன்.