பாயாவில் பிறந்தவர்

மொன்றியலுக்கு வந்த புதிதில், சென்ட் லோரன்டில் கல்லறைக் கல் செதுக்கும் பட்டறை ஒன்றில் வேலை செய்தேன். ஒருநாள் ஒரு கல்லுக்காக வந்த விபரத் தாளில், இறந்தவர் பிறந்த ஊர் ‘பாயா’ என்று மட்டும் இருந்தது, நாடு இல்லை. பழைய ரோமாபுரிப் பணக்காரர்கள் கடற்கரையில் கூத்தடித்த பாயாவைத் தொலைக்காட்சியில் பார்த்திருந்தேன். ஆட்டுக்கால் பாயாவின் புண்ணியத்தில் பெயர் மனதில் நின்றது. எல்லாம் தெரிந்தவன் போல ‘இத்தாலி’ என்று சேர்த்துச் செதுக்கிவிட்டேன்.

“செத்தவரின்ரை வீட்டுக்காரரிட்டைக் கேட்டனியோ?” என்றார் மேற்பார்வை பார்க்கும் அண்ணை.

“ஓம் அண்ணை.” பச்சைப் பொய்.

கல்லைப் பார்க்க வந்த இறந்தவரின் மனைவி ‘இத்தாலி’ என்ற எழுத்துகளை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு பிரெஞ்சில் மெதுவாகச் சொன்னார்: “ருமேனியாவிலும் ஒரு பாயா இருக்கிறது. அவர் அந்த ஊர்க்காரர். அங்கே கடல் இல்லை, சுரங்கம்தான்.”

அதற்குள் அண்ணை வந்து, ஏதும் பிழையா என்று கேட்டார். அந்த அம்மா என் முகத்தைப் பார்த்தார்.

“இல்லை. நான் சொன்னபடிதான் செதுக்கியிருக்கிறார்.”

போகும்போது என்னிடம், “கடைசிவரை கடல் பார்க்க ஆசைப்பட்டார். இருக்கட்டும்,” என்றார். ‘மெர்சி’ என்று நன்றி சொன்னேன்.

சில வருடங்களில் அவருடைய மகள் வந்தாள், அதே கல்லில் தாயின் பெயரைச் சேர்க்க. இந்தத் தாளிலும் பிறந்த ஊர் ‘பாயா’ என்று மட்டும் இருந்தது. எந்த நாட்டைப் போடுவது என்று இந்த முறை கேட்டேன்.

“அப்பாவுக்குப் போட்டதையே போடச் சொன்னார் அம்மா.”

எனக்காக அவர் சொன்ன பொய்யை என் கையாலேயே இன்னொரு தரம் செதுக்கினேன். அவ்வளவு கவனமாக நான் வேறெதையும் செதுக்கியதில்லை.