நான் கழற்றிய இரண்டு கட்டைகள்

“கணக்கு டீச்சருக்கு உளி எதுக்கு? பேசாம ஒரு பாஸைக் கூப்பிடுங்க.”

இரண்டு வருடங்களுக்கு முன்பு, தெமோதரைக்குப் பக்கத்தில் நான் படிப்பிக்கும் தோட்டப் பாடசாலையில் எங்கள் அதிபர் சிரித்துக்கொண்டே சொன்னது இது. தச்சு வேலை செய்பவரை எங்கள் பக்கம் பாஸ் என்போம். பண்டாரவளையில் வளர்ப்பு மீன் கடை வைத்திருந்த முதலாளி ஒருவர் கடையை மூடும்போது, தன்னிடமிருந்த நாலடி நீளக் கண்ணாடித் தொட்டியைப் பிள்ளைகளுக்கென்று கொடுத்திருந்தார். அதன் இரும்பு ஸ்டாண்ட் துருப்பிடித்துக் கையோடு உதிர்ந்தது. மரத்தில் ஒன்று நானே செய்கிறேன் என்று ஆசிரியர் கூட்டத்தில் சொல்லிவிட்டேன்.

எங்கள் குடும்பத்தில் உயர்தரம் வரை படித்து ஆசிரியையான முதல் ஆள் நான். அந்தப் பெருமை எனக்கு நிறையவே உண்டு. அன்று மாலையே கொப்பியும் பென்சிலுமாக உட்கார்ந்தேன். தொட்டி நிறைந்தால் தண்ணீர் இருநூற்று ஐம்பது லீற்றர். கண்ணாடி, கூழாங்கல் எல்லாம் சேர்த்தால் முந்நூற்று இருபது கிலோ வரும். ஒரு காலுக்கு எண்பது கிலோ. மூன்றங்குலச் சவுக்குக் கட்டை அதைப்போலப் பல மடங்கு தாங்கும். கணக்கில் பிழை இல்லை. இப்போது எடுத்துப் பார்த்தாலும் இல்லை.

மரம் அறுத்துத் தந்தது என் அண்ணன். ஐந்தாம் வகுப்போடு நின்றவர். தோட்டத்தில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் வேலை. எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் இருக்கும் மாட்டுப்பட்டி அவர் கட்டியதுதான். நான் சொன்ன அளவில் அவர் அறுத்துத் தருவார், நான் துளை போட்டுத் திருகாணி முடுக்குவேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்டாண்ட் எழுந்து நின்றது. அப்போது அவர் பட்டி கட்டி மிஞ்சிய இரண்டு கட்டைகளை எடுத்துவந்து, பின்பக்கத்தில் மூலைக்கு மூலை சாய்த்து, பெருக்கல் குறி மாதிரி ஆணி அடித்தார்.

“இது எதுக்குண்ணே? நான் வரைஞ்சதுல இல்லையே.”

“கெடக்கட்டும். பட்டிக்கு அடிக்கிறதுதானே.”

“மாட்டையா கட்டப் போறோம்?”

“மீனு ஒதைக்காதுன்னு ஒனக்கு யாரு சொன்னா, டீச்சரம்மா?”

அவருக்கு அதற்கு மேல் காரணம் சொல்லத் தெரியவில்லை. எனக்குக் கேட்கவும் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை பாடசாலை விட்ட பிறகு, வகுப்பறையில் வைத்து ஸ்டாண்டுக்குப் பெயின்ட் அடித்தேன். சீவாத அந்த இரண்டு கட்டைகளும் சாணிக் கறையோடு கோணலாகத் தெரிந்தன. அதிபர் பார்த்தால் என்ன சொல்வார் என்று யோசித்தேன். மாட்டுப்பட்டி வேலை என்பார். ஆணிகளைப் பிடுங்கி, இரண்டையும் கழற்றி வெளியே சுவரோரமாகச் சாத்திவிட்டு, துளைகளை அடைத்துப் பெயின்ட் பூசினேன். கடையில் வாங்கியது போல அழகாக இருந்தது. அண்ணனிடம் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை இரண்டு பேரும் தொட்டியைத் தூக்கி வைத்தோம். பின்பக்கம் சுவரோடு ஒட்டியிருந்ததால் கட்டைகள் இல்லாததை அவர் கவனிக்கவில்லை. இடப்பக்கச் சுவருக்கும் ஸ்டாண்டுக்கும் நடுவே மட்டும் ஓர் ஆள் நிற்க இடம் விட்டிருந்தோம். குழாயை மாட்டித் தண்ணீர் விட்டோம். நிறைய மதியமாகிவிட்டது. மூலையில் எங்காவது கசிகிறதா என்று பார்க்க, அண்ணன் அந்த இடத்துக்குள் நுழைந்து குனிந்தார்.

அப்போதுதான் ‘டக்’ என்று கேட்டது. விரல் சொடுக்கியது போலச் சின்னச் சத்தம்.

தொட்டியைப் பார்த்தேன். கண்ணாடியின் மேல் விளிம்புக்கு ஒரு விரல் கீழே அசையாமல் நின்ற தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. கீழே பார்த்தேன். ஒரு காலும் முறியவில்லை. நான்கு கால்களும் ஒன்றாக, ஒரே பக்கம், அண்ணன் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தன. என் செவ்வகம் என் கண் முன்னாலேயே இணைகரமாகிக்கொண்டிருந்தது.

அண்ணன் சுவரில் முதுகைக் கொடுத்து, இரண்டு கைகளாலும் ஒரு முழங்காலாலும் சட்டத்தைத் தாங்கிப் பிடித்துவிட்டார்.

“வெளிய வாங்கண்ணே.”

“விட்டா மேல வந்துரும்.”

“அதிபர் சேரைக் கூட்டிட்டு வரவா?”

“நீ வர்ற வரைக்கும் தாங்காது. தண்ணிய எறை.”

வாளியை எடுத்து முக்கினேன். தொட்டிக்குள் அலை எழும்பியது, ஸ்டாண்ட் முனகியது, அண்ணனின் முகம் சுருங்கியது. அவசரத்தில் அந்த வாளியைத் தரையிலேயே கொட்டினேன்.

“கீழ ஊத்தாத. கால் வழுக்குது.”

அடுத்த வாளியை மெதுவாக, சாய்த்து, அலை வராமல் மொண்டு, ஜன்னல் கம்பி வழியாக வெளியே வீசினேன். குழாயின் ஒரு முனையைத் தொட்டிக்குள் போட்டு, மறுமுனையை வாயால் உறிஞ்சி வாசலுக்கு வெளியே விட்டேன். அதிலும் தண்ணீர் ஓடத் தொடங்கியது. ஆனால் மிக மெதுவாக. அவசரப்பட வேண்டும், அவசரப்படவும் கூடாது. மொள்ளும்போது வாளி கண்ணாடியில் இடித்தது. ஒன்றும் ஆகவில்லை.

அண்ணன் தலையைத் திருப்பி ஸ்டாண்டின் பின்பக்கம் பார்த்தார்.

“நான் அடிச்ச கட்ட எங்க?”

“கழட்டிட்டேன்.”

அவர் திட்டவில்லை. முழங்காலைச் சட்டத்தில் இன்னும் அழுத்திக் கொடுத்தார். பிறகு, “எத்தனாவது வாளி?” என்றார்.

“பதினொண்ணு.”

“சத்தமா எண்ணு.”

எண்ணினேன். பன்னிரண்டு, பதின்மூன்று. பதினேழில் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். நான் எண்ணுவதை நிறுத்தினால் அவர் விட்டுவிடுவார் என்று பயந்து, வாளி நிறையாதபோதும் எண்ணினேன். இருபத்து மூன்றாவது வாளியில் கூழாங்கல் தட்டுப்பட்டது. “போதும்” என்று அண்ணன் சட்டத்தை நெம்பித் தள்ளிவிட்டு வெளியே வந்து, ஈரத் தரையிலேயே உட்கார்ந்தார். உள்ளங்கைகளில் சட்டத்தின் விளிம்பு பதிந்து சிவந்திருந்தது.

முற்றத்தில் தண்ணீர் ஓடுவதைத் தன் குவாட்டர்ஸில் இருந்து பார்த்த அதிபர் அப்போதுதான் வந்து சேர்ந்தார்.

“என்ன டீச்சர் இது?”

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் எழுந்துவிட்டார். “நான்தாங்க சேர். ஆணி சரியா அடிக்கல.”

“தெரியாத வேலைய எதுக்குயா செய்றீங்க?”

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். நான் பேசாமல் இருந்தேன். அவர் ஈரச் சட்டையின் நுனியால் முகத்தைத் துடைத்து முடிக்கும் வரை பேசாமல் இருந்தேன். அந்தச் சில நொடிகளை நினைத்தால் இன்றும் எனக்குக் கூசுகிறது. அப்படியே விட்டிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். எனக்கு ஒரு குறையும் வந்திருக்காது.

“அவர் அடிச்சது சரிதான் சேர். பின்னால குறுக்குக் கட்ட அடிச்சிருந்தார். அசிங்கமா இருக்குன்னு நான்தான் கழட்டினேன்.”

அதிபர் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஸ்டாண்டைப் பார்த்தார்.

“திங்கக்கிழமை இங்க ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் உக்காரும்” என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

வீட்டுக்கு நடக்கும்போது அண்ணனுக்கு என் மேல்தான் கோபம். “ஏன் சொன்ன? சேர் முன்னுக்கு ஒம் மரியாத போயிருச்சே.”

“ஒங்க மரியாத போனா பரவாயில்லையா?”

“எனக்கென்ன. நான் கவ்வாத்து வெட்டுறவன்.”

அதை அவர் வருத்தத்தோடு சொல்லவில்லை. மழை வரப்போகிறது என்பது போலச் சாதாரணமாகச் சொன்னார். தொட்டி சாய்ந்ததைவிட எனக்கு வலித்தது அதுதான். ஏனென்றால் முதல் நாள் அந்தக் கட்டைகளைக் கழற்றும்போது நானும் அதைத்தான் நினைத்திருந்தேன். வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

மறுவாரம் இருவரும் சேர்ந்து ஸ்டாண்டை மறுபடி முடுக்கினோம். இப்போது பின்னால் மட்டுமல்ல, பக்கங்களிலும் குறுக்குக் கட்டை உண்டு. தொட்டியில் மீன்கள் ஓடுகின்றன. கால்கள் எவ்வளவு தாங்கும் என்று பார்த்தேனே தவிர, பக்கவாட்டில் சாயுமா என்று நான் பார்க்கவில்லை. என் கணக்கு சரியாக இருந்தும் நான் தவறாக இருந்தேன் என்பதை ஏற்றுக்கொள்ள எனக்குத்தான் நாள் பிடித்தது. படித்ததில் எனக்குள்ள பெருமை இன்றும் குறையவில்லை. ஆனால் அதை வைத்து என் வீட்டு மனிதரை ஒரு படி கீழே நிறுத்துகிறேனா என்று அடிக்கடி என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

போன வாரம் அதிபர் நூலகத்துக்கு ஒரு புத்தக ராக்கை கேட்டார். படத்தை வரைந்து, செய்பவர்கள் என்ற இடத்தில் அண்ணனின் பெயரை முதலிலும் என் பெயரை இரண்டாவதாகவும் எழுதி, அலுவலகத்தில் கொடுத்துவிட்டேன்.