ஸ்டாப்புக்கு இருபதடி தள்ளி

இது நெசமா நடந்தது மச்சான், இந்த டீ கிளாஸ் மேல சத்தியம். சரி, பாதி நெசம். மீதி நான் போட்ட மசாலா. எது மசாலான்னு கேட்டா எனக்கே தெரியாது.

நம்ம ஜோஸ் கீறாரே, ஐயப்பன்தாங்கல் டெப்போல முப்பது வருசம் பஸ் ஓட்டுனவரு. கூட்டத்தப் பாத்தா ஸ்டாப்புக்கு இருபதடி தள்ளிதான் நிறுத்துவாரு. ஜனம் ஓடியாரணும், அதுல ஒரு குஷி. கொரட்டூர் ஸ்டாப்புல சொந்தப் பொண்டாட்டி ஷைலாக்கா நின்னாலும் அதே இருபதடிதான். அக்கா ஒயர்கூடையத் தூக்கிகினு, பின்னூசி குத்துன செருப்போட ஓடியாரும். "ஒரு நாளு ஒழுங்கா நிறுத்துய்யா"ன்னு முப்பது வருசம் கேட்டுச்சு. போன வருசம் ஜுரத்துல போய்ச் சேந்துச்சு.

மனுசன் ஊட்ல செவுத்தையே பாத்துகினு குந்திட்டாரு. பொண்ணு பெனிஷா, முகப்பேர்ல கீது, ஐடி வேல. ஒரு கம்ப்யூட்டர் வாங்கியாந்து பஸ் ஓட்ற ஆட்டத்தப் போட்டு வுட்டுச்சு. எவனோ நம்ம ரோட்டையே அதுல வரைஞ்சு வச்சிகீறான். கொரட்டூர் ஸ்டாப்பு கூட கீது. ஆனா நிக்கிறவன் பூரா கோட்டு போட்ட வெள்ளக்காரன். வெயில்ல வெந்துருப்பானுங்க பாவம்.

"டாடி, படம் எவ்ளோ துல்லியமா தெரியணும்னு இங்க செட்டிங் இருக்கு. 720 வச்சா வண்டி பறக்கும், மூஞ்சிதான் கஞ்சி மாதிரி கலங்கலா தெரியும். ஃபோர்கே வச்சா பரு கூட தெரியும், ஆனா வண்டி நொண்டும். நமக்கு 720 போதும்"னு சொல்லிட்டுப் போச்சு.

ஜோஸ் கேப்பாரா? ஃபோர்கே வச்சாரு. மத்தியானம் ரெண்டு மணி, பக்கத்துல நான் முறுக்கு தின்னுகினு கீறேன். பஸ்ஸு அசையுது, நிக்கிது, அசையுது. கொரட்டூர்ல கோட்டுங்களுக்கு நடுவுல ஒரு மஞ்சப் பொடவ. ஒயர்கூட. செருப்புல பின்னூசி மின்னுது. நம்ம ஷைலாக்காவேதான்னு நான் முறுக்க கீழ வச்சேன்.

ஜோஸ் பிரேக்க அழுத்துனாரு. படம் ஒறஞ்சிச்சு. திரும்ப அசையறதுக்குள்ள வண்டி ஸ்டாப்பத் தாண்டிகிச்சு. கரீட்டா இருபதடி. சைடு கண்ணாடில பாத்தா அக்கா ஓடியாருது. ஒரு படம், கிட்ட. அடுத்த படம், இன்னும் கிட்ட. வாயத் தொறந்து இன்னாமோ சொல்லுது, சத்தம் வர்ல. அப்பால ஆட்டமே மூடிகிச்சு.

ஜோஸ் ஆட்டத்த மறுபடி தொறந்தாரு. 720 வச்சாரு. மறுபடி டெப்போலேர்ந்து கெளம்பி வந்து, ஸ்டாப்புக்கு நேரா, அரையடி பிசகாம நிறுத்துனாரு. எல்லா மூஞ்சியும் கஞ்சி. அதுல மஞ்சளா ஒண்ணு மெதுவா ஏறி, அவரு சீட்டுக்குப் பின்னாடி குந்திச்சு. ஸ்பீக்கர்ல யாரோ மூச்சு வாங்குற சத்தம்.

மூணு நாளா கம்ப்யூட்டர அணைக்கல. ஓட்டிகினே கீறாரு. "மாமே, ஃபோர்கே மாத்தணும்னா ஆட்டத்த மூடித் தொறக்கணும். மூடுனா எறங்கிடுவாளா? ஒரே ஒரு தபா மூஞ்சியப் பாக்கணும்"னு காலைல என்னயக் கேக்குறாரு. நீயே சொல்லு மச்சான்.

"பாக்கட்டும்"னாரு, இத்தையெல்லாம் கேட்டுகினே டீ ஆத்துன கட மாஸ்டர் நடேசன். "மூஞ்சி தெரியாம இன்னாத்துக்கு ஓட்றது?"

கடயாண்ட பூ விக்கிற பஞ்சவர்ணம் கூடைய எறக்கி வச்சுச்சு. "முப்பது வருசம் ஓட வுட்டான். இப்பதான் அவ குந்திகீறா. இவன் மூஞ்சி பாக்கறதுக்கு அவள திரும்ப ரோட்ல எறக்கி வுடணுமா?"

"நீ இன்னா அவ வக்கீலா?"

"ஒம்பொண்டாட்டிய இட்டுகினு வா, அவளாண்டயே கேக்கறேன்."

"என் ஊட்டு மேட்டர ஏன் இஸ்க்கிற?"

அவரு கரண்டியத் தூக்க, பஞ்சவர்ணம் கிளாஸத் தூக்கி அடிச்சுச்சு. என் கிளாஸு. நான் சத்தியம் பண்ணேனே, அதே கிளாஸு.