மூக்கடைப்புக்காரனும் மற்ற வசந்தப் பாட்டுகளும்

மருத்துவமனையின் பின்கட்டில் இருக்கும் சலவைக்கூடத்தில் வருடத்துக்கு மூன்று மாதம்தான் பாட்டு கேட்கும். குளிர்காலம் முழுக்க உலர்த்தும் எந்திரங்கள் ஓடுகிற இரைச்சலில் பக்கத்தில் நிற்பவள் தும்மினால்கூடத் தெரியாது. வசந்தம் வந்ததும் ஈரத்துணியெல்லாம் மொட்டை மாடிக்குப் போய்விடும். எந்திரங்கள் வாயை மூடும். மடிப்பறையின் ஜன்னல்களைத் திறந்துவிட்டு, மேற்பார்வையாளர் தன் பழைய போனையும் ஒரு சின்ன ஸ்பீக்கரையும் மேசைமேல் கொண்டுவந்து வைப்பார்.

பாட்டு ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும். அங்கே வேலை செய்யும் இருபது பேருக்கு ஐந்து தாய்மொழிகள். எந்த மொழிப் பாட்டைப் போடுவது என்று முன்பு ஒருமுறை சண்டை முற்றி, நல்ல தலையணை உறை ஒன்று இரண்டாகக் கிழிந்தது. "யாருக்குமே புரியாத பாட்டுதான் எல்லாருக்கும் பொது" என்று மேற்பார்வையாளர் தீர்ப்புச் சொன்னார். அவர் வாயிலிருந்து வந்த ஒரே நியாயமான தீர்ப்பு அது.

ஒன்பது வருடமாக அந்தப் பாட்டுகளைத் தேர்ந்தெடுத்தவள் பெரியவள். வீட்டில் மூத்த மருமகள் என்பதால் வந்த பெயர், கூடத்திலும் ஒட்டிக்கொண்டது. அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. ஐந்தாம் வகுப்போடு பள்ளியிலிருந்து நிறுத்தினார்கள். வீட்டு வேலைக்கு ஆள் வேண்டுமாம். அண்ணன் படித்தால் போதுமாம். அண்ணன் எட்டாம் வகுப்பில் மூன்று முறை தோற்றான். அப்போதும் அவன் காலி செய்த பெஞ்சில் இவளை உட்கார வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

அவள் பாட்டைக் கையால் தேர்ந்தெடுத்தாள். படுக்கை விரிப்பை இரண்டு பேர் மடிக்கும்போது நாலு அசைவு: உதறு, இழு, சேர், நட. பாட்டு அந்த நாலுக்குள் உட்கார வேண்டும். குளிரின் கடைசி வாரத்தில், தேநீர் இடைவேளையில், போனைக் காதில் வைத்துக்கொண்டு ஒரு துண்டை மடித்து மடித்துப் பிரிப்பாள். கை தடுமாறினால் அந்தப் பாட்டு தள்ளுபடி. தேறிய பாட்டுக்கெல்லாம் அவளே பெயர் வைத்தாள். விசில்காரி. ரெண்டு கிதார். மூக்கடைப்புக்காரன். கூடமே அந்தப் பெயர்களைச் சொல்லித்தான் பாட்டுக் கேட்டது.

அந்த வருடம் கொழுந்தன் பெண்டாட்டி, சின்னவள், அதே மடிப்பறைக்கு வேலைக்கு வந்தாள். ஆங்கிலப் பள்ளியில் பன்னிரண்டு வரை படித்தவள். வீட்டில் தண்ணீர் வரி ரசீதிலிருந்து மாத்திரை அட்டை வரை எல்லாம் அவள் கைக்குத்தான் போகும். பெரியவள் அதையெல்லாம் பல்லைக் கடித்துப் பொறுத்திருந்தாள். கூடத்தில் பாட்டு தன்னுடையது என்ற தைரியம்தான்.

முதல் நாளே மூக்கடைப்புக்காரன் பாடிக்கொண்டிருந்தபோது சின்னவள் விரிப்பைப் பிடித்தபடி நின்றுவிட்டாள்.

"அக்கா, இதையா வசந்தத்துக்குப் போடறீங்க?"

"ஏன், அவன் பாட்டுக்கு என்ன?"

"காதலி செத்துட்டா, புதைச்சுட்டு வந்து அழறான். அவனுக்கு மூக்கடைப்பு இல்ல அக்கா, அழுகை."

மேசையைச் சுற்றி இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இஸ்திரி போடுகிறவர், "ஒன்பது வருஷமா எழவு வீட்டுல உக்காந்தா கை தட்டிட்டிருந்தோம்?" என்றார். பெரியவளும் சிரித்தாள். காது மடல் மட்டும் தீயாய் எரிந்தது.

சிரிப்புச் சத்தம் கேட்டு வந்த மேற்பார்வையாளர் போனை எடுத்துச் சின்னவளிடம் நீட்டினார். "படிச்சவ நீ. இனிமே நீ பாத்துப் போடும்மா."

ஒன்பது வருடத்தைப் பறிக்க அவருக்கு ஒன்பது நொடி ஆகவில்லை.

சின்னவள் வீட்டில் உட்கார்ந்து பொறுப்பாகப் பட்டியல் எழுதினாள். பூ, தூறல், புல்வெளி, திரும்பி வரும் பறவை. அர்த்தத்தில் ஒரு குறையும் இல்லை. "அக்கா, இது சரியா வருமா?" என்று ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினாள். பெரியவளின் விரல்கள் மடியிலேயே கணக்குப் பார்த்தன. பாதிப் பாட்டு நடுவில் நின்று நின்று போனது. மீதி இழுவை.

"எனக்கென்ன தெரியும். படிச்சவ நீ" என்றாள்.

மறுநாள் மதியத்துக்குள் பதினோரு விரிப்புகள் தரையில் விழுந்தன. ஒருத்தி இழுக்கும்போது இன்னொருத்தி நடந்தாள். நோயாளிக்குப் போகும் துணி தரையைத் தொட்டால் மறுபடி துவைக்க வேண்டும். பெரியவளிடம் கேட்டிருந்தால் ஒரே வார்த்தையில் காரணம் சொல்லியிருப்பாள். மேற்பார்வையாளர் கேட்கவில்லை. தன் கண்ணாடி அறையிலிருந்து வந்தார். போனைப் பிடுங்கிப் பெரியவள் முன் வைத்தார். சின்னவளை அழுக்குத்துணி அலசும் அறைக்கு மாற்றினார். கொதிநீரும் சலவைக் காரமும் புழங்கும் அறை. பாட்டு அங்கே எட்டாது. பாட்டுத் தேர்ந்தெடுத்த குற்றத்துக்குத் தோலை உரிக்கும் தண்டனை. ஆபீசில் படித்தவர்கள் இதற்கு நிர்வாகம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

பெரியவள் விசில்காரியைப் போட்டாள். ஒரு விரிப்புகூட விழவில்லை. அவள் எதிர்பார்த்த இனிப்பு அதில் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

சாயங்காலம் வீட்டில், "ஏன் மாத்தினாங்க?" என்று கொழுந்தன் கேட்டான்.

"நான்தான் தப்பான பாட்டைப் போட்டுட்டேன்" என்றாள் சின்னவள். அவ்வளவுதான். அக்கா சொல்லித் தரவில்லை என்ற பேச்சே இல்லை.

கொழுந்தன் எழுந்து வெந்நீர் வைத்தான். உப்புப் போட்டான். சின்னவளின் சிவந்த கைகளைத் தன் கையில் ஏந்தி மெல்ல அதில் இறக்கினான். பெரியவள் வாசற்படியில் நின்று பார்த்தாள். அவளும் முதல் நாலு வருடம் அதே அறையில் அலசினவள்தான். விரல் இடுக்கெல்லாம் வெடித்துக் கிடந்தபோது, "கையை மூடிட்டுச் சோறு போடு, பாக்க நல்லால்ல" என்றான் அவள் புருஷன்.

படிப்பும் அவளுக்கு. பாட்டின் அர்த்தமும் அவளுக்கு. இப்போது இந்த வெந்நீரும் அவளுக்கா? தான் வாய் திறக்காமல் விட்டதால் அவளுக்கு இரக்கம் வேறு கிடைக்கிறதா?

ஊர் இதைப் பொறாமை என்று சொல்லும். பொறாமைதான். ஆனால் ஒருத்தியின் பங்கையெல்லாம் பிடுங்கிக்கொண்டவர்களுக்கு, அவள் அடுத்தவள் தட்டைப் பார்க்கிறாள் என்று குறைசொல்ல என்ன உரிமை இருக்கிறது?

விடிந்ததும் பெரியவள் நேரே கண்ணாடி அறைக்குப் போனாள்.

"சார், அந்தப் பாட்டெல்லாம் மடிப்புக்கு ஆகாதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் சொல்லல. என்னை அலச அனுப்புங்க, இல்ல அவளைத் திருப்பிக் கொண்டாங்க."

மேற்பார்வையாளர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பெரியவள் போனால் விரிப்பு விழும். அந்தக் கணக்கு அவருக்குப் புரிந்தது. "ரெண்டு பேரும் சேர்ந்து என்னத்தையாவது போட்டுத் தொலைங்க" என்றார்.

சின்னவள் திரும்பி வந்தாள். அவள் பாட்டு எடுப்பாள், பெரியவள் கை பார்ப்பாள் என்று ஏற்பாடு. ஒரு விரிப்பின் இரு முனைகளையும் பிடித்துக்கொண்டு சோதித்தார்கள்.

"இது மழை விட்டப்புறம் ஒருத்தி ஜன்னல் திறக்கிறதைப் பத்தி அக்கா."

"இழுக்குது. வேண்டாம்."

"இது?"

"நடக்கும். வச்சுக்கோ."

மூன்றாவது பாட்டு சின்னவளுக்கு ரொம்பப் பிடித்தது போலிருந்தது. அர்த்தம் சொல்லவில்லை. உதட்டுக்குள்ளேயே கூடவே பாடினாள். எதையோ நினைத்துத் தனியாகச் சிரித்துக்கொண்டாள். உதறினார்கள், இழுத்தார்கள், சேர்த்தார்கள், நடந்தார்கள்.

"இது எப்படி அக்கா?"

"இழுக்குது" என்றாள் பெரியவள்.

சின்னவள் கீழே பார்த்தாள். இருவர் கைக்கும் நடுவில் விரிப்பு ஓரத்தோடு ஓரம் பொருந்தி, ஒரு சுருக்கம்கூட இல்லாமல் மடிந்திருந்தது. அதை அடுக்கின் மேல் வைத்தாள். அடுத்த பாட்டைத் தேடினாள்.