முன்னால் நிற்கும் கொம்பு

இட ஒதுக்கீடு கேட்டுப் போராட்டம். சாலையெல்லாம் மரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். கள்ளக்குறிச்சியிலிருந்து பஸ் வரவில்லை. வடக்கனந்தல் தொடக்கப் பள்ளி ஒன்றில் நான் சேர்ந்து இரண்டாம் வருடம். ஊரிலேயே குடியிருந்த ஆசிரியை நான் ஒருத்திதான் என்பதால் பள்ளியைத் திறந்து வைத்திருந்தேன். வந்த பிள்ளைகள் ஏழெட்டுப் பேர்.

அதில் ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி. கணக்கை மனதிலேயே போட்டுவிடுவாள். கேட்ட கதையை வரி விடாமல் சொல்வாள். புத்தகத்தைத் திறந்தால் மட்டும் வியர்த்துவிடும். முந்தின வாரம் அவள் அம்மா வந்திருந்தார்.

“இதுக்கு படிப்பு ஏறலீங்க டீச்சர். எங்கூட கழனிக்கு இட்டுக்கினு போய்டறேன்.”

இந்த வருடம் முடியட்டும் என்று சொல்லி அனுப்பினேன். எனக்கும் நம்பிக்கை இருக்கவில்லை. சோம்பேறி என்று அவளைத் திட்டியும் இருக்கிறேன்.

கூட்டமில்லாத அந்த நாளில் பக்கத்தில் உட்காரவைத்துப் படிக்கச் சொன்னேன். ‘கெண்டை’ என்ற சொல்லில் நின்றுவிட்டாள். விரல் ‘கெ’யின் கொம்பின் மேலேயே இருந்தது.

“ஏன் நின்னுட்ட?”

“இது மொதல்ல நிக்குது டீச்சர். ஆனா ‘க’வ மொதல்ல சொல்லணும்றீங்க. எதப் பாக்கறதுன்னு தெரியல.”

இத்தனை நாள் அவளைத் திட்டினேனே தவிர, எங்கே தடுக்குகிறது என்று கேட்டதே இல்லை.

பஸ் வராத அந்த நாட்களில் பழைய காலண்டர் தாளை வெட்டி, கொம்பும் எழுத்தும் பிரியாமல் ஒவ்வொன்றாக எழுதினேன். தரையில் புளியங்கொட்டையை அடுக்கி அதே எழுத்தை அவள் செய்வாள். விரலால் தடவிக்கொண்டே ஒலிப்பாள். நேற்று வந்தது இன்று மறந்துபோகும். ஒருநாள் கொட்டையை எல்லாம் வாரி இறைத்துவிட்டு அழுதாள். இருவருமாகப் பொறுக்கினோம்.

பஸ் ஓடத் தொடங்குவதற்கு முந்தின நாள் அவள் அம்மா வீட்டுக்கு அழைத்துப்போக வந்தார். பள்ளிச் சுவரில் யாரோ கரியால் எழுதியிருந்த போராட்ட முழக்கத்தின் கடைசிச் சொல்லை அவள் மெல்ல எழுத்துக்கூட்டினாள். “வே...ண்...டு...ம். வேண்டும்.”

“யார்னா சொல்லிக் குடுத்தாங்களா?”

“இல்லம்மா. நானே கூட்டினேன்.”

எழுதப் படிக்கத் தெரியாத அந்த அம்மா சுவர் அருகே போனார். “இதுல ‘வே’ எது, காட்டு,” என்றார்.

மறுநாள் தலைமையாசிரியரிடம், அவளுக்குத் தனியாகச் சொல்லித்தர தினமும் அரைமணி நேரம் கேட்டேன். “பாடம் நிக்காம பாத்துக்கோம்மா,” என்று சாமான் அறைச் சாவியைக் கொடுத்தார். வேறு வகுப்புகளிலிருந்தும் நாலு பிள்ளைகள் வந்தார்கள். அவளுடைய எழுத்துப் பிழைகள் முழுதாகப் போகவில்லை. ஆனால் ஆறாம் வகுப்புக்குப் போனாள். சேர்க்கை விண்ணப்பத்தில் தன் பெயரைத் தானே எழுதினாள்.