சிவப்பு நூல் கட்டிய வால்வு

தாக் யோங்சில் என்கிற பெண் ஒரு வீட்டு வாசலில் போய் நின்றால், கதவைத் திறப்பவர்கள் முதலில் அவள் தோளுக்குப் பின்னால்தான் எட்டிப் பார்ப்பார்கள். மா கியுஜினும் அன்று காலை அப்படித்தான் பார்த்தான்.

"அக்கா, பாய்லர் மெக்கானிக் பின்னாடி வர்றாரா?"

"முன்னாடியே வந்தாச்சு தம்பி. நீங்க வழி விட்டா உள்ளயும் வந்துடுவா."

அவன் காது சிவந்துவிட்டது. அவள் ஒரு கையில் கருவிப் பெட்டி, மறு கையில் வாளியும் தரைத்துணியும். "துணி எதுக்குக்கா? வீடு சுத்தமாத்தானே இருக்கு?"

"இருக்கட்டும். எந்த ரூம் ஆறிக் கிடக்கு, அதைச் சொல்லுங்க."

கோடி அறை. போன வருடம்வரை மூட்டை முடிச்சு போட்டு, தரைக்கடியில் ஓடும் வெந்நீர்க் குழாயின் வால்வை மூடி வைத்திருந்த அறை. இப்போது அதில் சுவருக்குப் புதுக் காகிதம் ஒட்டி, குழந்தைக்கு மெத்தை விரித்திருந்தார்கள். கியுஜினின் மனைவி சோராவுக்குப் பிரசவமாகிப் பன்னிரண்டு நாள். மாலை நாலு மணிக்கு, பிரசவித்தவர்கள் தங்கித் தேறும் இல்லத்திலிருந்து குழந்தையோடு வருகிறாள். தரையோ ஆற்றங்கரைக் கல் மாதிரி சில்லிட்டிருந்தது.

"ரெண்டு பேர் வந்து பாத்துட்டாங்க. ஒருத்தர் பம்ப மாத்தினாரு. இன்னொருத்தர் குழாயெல்லாம் கழுவி விட்டாரு. என் மாமியார் கண்டிஷனா சொல்லிட்டாங்கக்கா, பெத்த உடம்பு பச்சத் தரையில படுக்காது, ரூம் சூடாகலேன்னா பொண்ணையும் பேரனையும் அப்படியே எங்க ஊரு வோன்ஜுவுக்கு ஏத்திட்டுப் போயிடுவேன்னு. அப்பா வாசலுக்கும் ரூமுக்குமா நடந்துட்டிருக்காரு ரெண்டு நாளா, பேரன் எப்ப வருவான்னு."

மலையோர ஊரான ஜெச்சோனில் ஜனவரி மாதம் அப்படி. முற்றத்து வாளித் தண்ணீரை உளியால்தான் உடைக்க வேண்டும். மாமியார்க்காரி சொன்னதில் தப்பில்லை என்றே யோங்சிலுக்கும் பட்டது.

அவள் இந்தத் தொழிலுக்கு வந்தது முழங்காலால். பத்தொன்பது வருடம், ஒரு குடும்பம் காலி செய்துபோன வீட்டை, அடுத்த குடும்பம் வருவதற்குள் துடைத்துக் கொடுக்கிற வேலை செய்தாள். குளிர்காலத்தில் ஈரத்துணியால் தரையைத் துடைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால், ஈரம் ஒரே சீராகக் காயாது. கோடு கோடாகக் காயும். வெந்நீர்க் குழாய் எந்த வழியாகப் போகிறதோ அந்த வழி முதலில் உலரும். ஒருநாள் ஒரு வீட்டில், "இந்த மூலைக்குக் குழாயே போகலை, பாய்லரக் குத்தம் சொல்லாதீங்க" என்று சொல்லிவிட்டாள். பாய்லர் கடைக்காரர் அங்கே நின்றிருந்தார். முதலில் சிரித்தார். தரையைத் தோண்டிப் பார்த்த பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

கடைக்குப் பின்னால் கிடந்த பழைய பாய்லர்களை, "பிரிச்சுக்கோ, ஆனா திருப்பி மாட்டணும்" என்று சொல்லி அவளிடம் விட்டார். இரண்டு குளிர்காலம் அவற்றைப் பிரித்தாள். ஒவ்வொரு திருகையும் கழற்றிய வரிசையிலேயே செய்தித்தாளில் அடுக்கி, அதே வரிசையில் மாட்டினாள். உரிமத் தேர்வில் இரண்டு முறை தோற்று மூன்றாவதில் தேறினாள். அறிக்கை எழுதும்போது, பார்த்ததை மட்டுமே எழுதுவாள். யூகத்தை எழுத மாட்டாள். முழங்கால் மழைக்காலத்தில் இன்றும் வலிக்கும். ஆனாலும் அந்தப் பத்தொன்பது வருடத்தை வீணாய்ப் போனதாக அவள் ஒருநாளும் சொன்னதில்லை. தரைதான் எனக்கு வாத்தியார் என்பாள்.

சமையலறைத் தொட்டிக்கடியில் இருந்த கதவைத் திறந்தாள். வெந்நீர் நான்காகப் பிரிகிற பித்தளைக் குழாய், அதில் அறைக்கு ஒன்றாக நான்கு வால்வு. குழாயில் காற்று அடைத்திருக்கிறதா என்று வெளியேற்றிப் பார்த்தாள். இரண்டு குமிழி வந்து நின்றுவிட்டது. திரும்பி வருகிற குழாய்களை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தாள். இரண்டு வெதுவெதுப்பு, ஒன்று நல்ல சூடு, கோடி அறையுடையது பச்சைத் தண்ணீர். இரண்டாவது வால்வில் சிவப்புக் கம்பளி நூல் இறுக்கிக் கட்டியிருந்தது.

"இது எதுக்கு?"

"அது அப்பா ரூம். அதை மட்டும் தொடாதீங்கக்கா. வயசானவரு. முழுசாத் திறந்தே இருக்கணும்னு சோரா கட்டி வச்சது. அந்த ரெண்டு பேருகிட்டயும் சொல்லிட்டேன்."

யோங்சில் துணியை நனைத்துப் பிழிந்தாள். கோடி அறையைத் துடைத்தாள். வெகுநேரம் கழித்து மெலிதாகக் கோடுகள் தெரிந்தன, விடுபடாமல், மூலைவரை. ஆக, அடைப்பில்லை. தண்ணீர் போகிறது, ஆனால் போதவில்லை. கோடி அறையுடையது நீளமான குழாய்; பக்கத்திலேயே குட்டையான வழி ஒன்று அகலத் திறந்திருந்தால் தண்ணீர் ஏன் இவ்வளவு தூரம் மெனக்கெடப் போகிறது?

"அப்பா ரூமத் துடைக்கணும்."

"அங்க நல்லாத்தான் இருக்கு..."

"நல்லா இருக்கறதையும் பாக்கணும் தம்பி. அப்பத்தான் இங்க இல்லாதது எங்க போச்சுன்னு தெரியும்."

கதவைத் தட்டித் திறந்தாள். எண்பத்தொரு வயது மா துசிக் உள்பனியனோடு உட்கார்ந்திருந்தார். நெற்றியெல்லாம் வியர்வை. ஜன்னல் ஒரு சாண் திறந்திருக்க, வெளியிலிருந்து பனிக்காற்று உள்ளே வந்துகொண்டிருந்தது. அவர் அவசரமாக ஜன்னலைச் சாத்தப் போனார். அவள் துணியை ஓர் இழுப்பு இழுத்தாள். கையை எடுப்பதற்குள் தரை உலர்ந்துவிட்டது.

"ஐயா, ஊருக்கெல்லாம் சூடு காட்டறீங்களா?"

"மெதுவாப் பேசும்மா," என்றார் கிழவர், மகன் காதில் விழாமல். "கொதிக்குது. ஆறு வருஷமாக் கொதிக்குது."

"சொல்லலாமே?"

"எப்படிச் சொல்றது? அந்தப் பொண்ணு கல்யாணமாகி வந்த மொத நாள், குனிஞ்சு தரையத் தொட்டுப் பாத்து, 'சூடா இருக்கா மாமா'ன்னு கேட்டுது. நல்லா இருக்குன்னேன். அன்னைக்கு ராத்திரியே நூல் கட்டிட்டா. தினம் கேக்கறா. எங்கம்மா போனதுக்கப்புறம் என்னை யாரும் அப்படிக் கேட்டதில்ல."

யோங்சில் துணியை வாளிக்குள் போட்டாள். "ஐயா, உங்க பேரனுக்குப் போக வேண்டிய தண்ணி இங்க வந்துட்டு ஜன்னல் வழியாப் போகுது. நான் திருகிட்டுப் போயிடுவேன். உங்க மருமக வந்து மறுபடியும் திறந்துடுவாங்க. நீங்க வாயத் திறந்தாத்தான் இது தீரும்."

கிழவர் ஜன்னலைச் சாத்தினார். பிறகு எழுந்து வந்து, சமையலறையில் மண்டியிட்டு, அந்த முடிச்சைத் தானே அவிழ்த்தார். கியுஜின் வாயைத் திறந்தபடி நின்றான். அவள் வால்வைக் கால் பங்கு விட்டு மூடி, அரை மணி பொறுத்து, திரும்பும் குழாய்களைத் தொட்டு, மறுபடி ஒரு மயிரிழை திருகினாள். இப்படி ஐந்து முறை. மூன்று மணிக்குக் கோடி அறையில் ஈரம் அவள் கண்முன்னே கோடு கோடாக உலர்ந்தது.

நாலு மணிக்கு வந்தார்கள். சோராவின் அம்மா மேல்கோட்டோடு நேரே கோடி அறைக்குப் போய், உள்ளங்கையை நாலு மூலையிலும் வைத்துப் பார்த்தாள். கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். கியுஜின் அப்போதுதான் மூச்சுவிட்டான்.

சோரா குழந்தையைக் கிடத்திவிட்டு வழக்கம்போல் மாமனார் அறைக்குப் போனாள். குனிந்து தரையைத் தொட்டவள் திடுக்கிட்டாள்.

"மாமா, சூடு கொறஞ்சிருக்கு! யார் வால்வத் தொட்டது?"

யோங்சில் கருவிகளைத் துடைத்துக்கொண்டே தலையைக் குனிந்துகொண்டாள்.

"நான்தான்," என்றார் கிழவர். "ஆறு வருஷமா வெந்துட்டு இருந்தேம்மா. ஜன்னலத் திறந்து வச்சுத்தான் தூங்கினேன்."

"அய்யோ! ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னா நீ கேக்கறத நிறுத்திடுவியோன்னு."

சோரா சிரித்தாள், கண்ணையும் துடைத்துக்கொண்டாள். "நல்ல ஆளு மாமா நீங்க. நானும் ஸ்வெட்டர் மேல ஸ்வெட்டராப் போட்டுட்டு, மாமாவுக்காவது சூடா இருக்கேன்னு நெனச்சிட்டிருந்தேன்."

பிள்ளை பெற்றவளுக்காகக் காய்ச்சிய கடற்பாசிச் சூப்பில் ஒரு கிண்ணம் யோங்சிலுக்கும் கிடைத்தது. சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்து குடித்தாள். முழங்காலுக்கு அந்தச் சூடு இதமாக இருந்தது. எத்தனையோ வீட்டுத் தரையை, குடியிருக்க யாரும் வருமுன் துடைத்துவிட்டுப் போனவள் அவள். குடிவந்தவர்கள் முகத்தை அன்றெல்லாம் பார்த்ததில்லை. இப்போது பார்க்கக் கொடுத்து வைத்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

கோடி அறையில் கிழவரைக் குழந்தையின் பக்கத்தில் உட்கார வைத்திருந்தார்கள். சிவப்பு நூல் இன்னும் அவர் கைக்குள்ளேயே இருந்தது.

"இங்க சூடா இருக்கா மாமா?" என்று கேட்டாள் சோரா.

அவர் பதில் சொல்வதற்கு முன்னால், உள்ளங்கையைத் தரையில் வைத்துப் பார்த்தார்.